ரீமாஸ்டர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளி நாட்களில் ராத்திரி பகல் பாராமல் ஆடிய ஒரு திகில் கேம் ரீமாஸ்டராக, அதாவது படமும் ஓட்டமும் மெருகேற்றிய புதுப் பதிப்பாக, வருகிறது என்றதும் டிரெய்லரைப் பார்த்த கையோடு முன்பதிவு செய்துவிட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். டிரெய்லரில் வந்தது முழுக்க முதல் ஒரு மணி நேரத்துக் காட்சிகள்தான்.

அந்த ஒரு மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. படம் அகலத்திரை முழுக்க விரிகிறது, கதவைத் திறந்தால் காத்திருக்க வேண்டியதில்லை, தானாகவே சேவ் ஆகிறது.

மூன்றாவது லெவலில் எல்லாம் பல்லிளித்துவிட்டது. பழைய கேமில் அந்தத் தெரு முழுக்க மூடுபனி. அந்தக் காலக் கன்சோலுக்குத் தொலைவில் இருப்பதை வரையும் சக்தி கிடையாது, அதனால் பனியைப் போட்டு மறைத்தார்கள். 1999-இல் வந்த சைலன்ட் ஹில் என்ற திகில் கேமிலும் இதே உத்திதான், ஆனால் பயமே அந்தப் பனியில்தான் இருந்தது. ரீமாஸ்டரில் அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். இப்போது தெருக்கோடியில் நிலம் வெட்டினாற்போல் முடிகிறது, கடைசி வீட்டுக்குப் பின்சுவரே இல்லை.

இன்னொன்று, ஒரு மருந்துக்கடைப் பலகை. பூட்டைத் திறக்கும் எண் அதில்தான் இருக்கும். பழைய படங்களை ஏஐ-யிடம் கொடுத்துப் பெரிதாக்கிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது, எழுத்தெல்லாம் புழு நெளிவதுபோல் இருக்கிறது, எண் 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. பரணிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்துப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் வேகம். பழையது விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது திரையில் 30 படங்கள் மாறும், எதிரி எத்தனை ஃபிரேமுக்கு ஒருமுறை பாய வேண்டும் என்ற கணக்கும் அதற்கேற்றதுதான். 60 ஆக்கியவர்கள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை, விலகித் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிட்டது.

ரீபண்ட் கேட்டேன், ஆடிய நேரம் அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குகிறவர்களும் கவனியுங்கள், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் கேட்க முடியும், ஓட்டையெல்லாம் அதற்கு அப்புறம் இருந்தால் என்ன செய்வது? போதாக்குறைக்குப் பழைய பதிப்பையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், எனக்குக் கோபம் வந்ததே அதற்குத்தான். டிஸ்க் வைத்திருக்காதவர் இனி அந்த மூடுபனியைப் பார்க்க வழியில்லை.

ஒழுங்காகச் செய்ய முடியாத வேலை இல்லை இது. 2020-இல் கமாண்ட் அண்ட் காங்கர் என்ற போர் கேமின் ரீமாஸ்டரை, அதை முதலில் உருவாக்கிய ஸ்டூடியோவில் இருந்த சிலரையும் சேர்த்துக்கொண்டு செய்தார்கள், தனியாக ஆடும்போது ஸ்பேஸ்பாரைத் தட்டினால் 1995-இன் கிராபிக்ஸ் அப்படியே வந்து நிற்கும்.

ஆகவே வெளியாகி இரண்டு வாரமாவது பொறுங்கள், நடுப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் யாராவது ஆடிக் காட்டும் வீடியோவைப் பாருங்கள், பழைய பதிப்பு கையில் இருந்தால் அழிக்காதீர்கள். எனக்கு இன்னும் பிழைகளைச் சரிசெய்யும் பேட்ச் எதுவும் வரவில்லை, வந்தால் அந்தப் பலகையைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.