ஆன்டிஎக்ஸ் 23 பென்டிரைவ்: எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் எடைச்சீட்டு போடும் மேசை, ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் மூலை, 2011-இல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டியைப் பரண்மேல் வைத்திருக்கும் வீடு. மூன்று இடத்திலும் கிடப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான்: 1 அல்லது 2 ஜிபி ரேம், தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க், திறந்துவிட்டு டீ குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகளுக்கு விண்டோஸ் 11 ஏறாது.

இவற்றை ஹார்ட் டிஸ்க்கையே தொடாமல் ஒரு பென்டிரைவில் ஓட்ட, ஆன்டிஎக்ஸ் 23 என்ற லேசான லினக்ஸ் சரியான தேர்வு. டெபியன் 12 என்ற பெரிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 2023 ஆகஸ்டில் வந்தது. பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி கிடையாது, டெஸ்க்டாப்புக்கு ஐஸ்டபிள்யூஎம் என்ற லேசான விண்டோ மேலாளர், சும்மா நிற்கும்போது சுமார் 200 எம்பி ரேமில் அடங்கிவிடும். ஓடத் தொடங்கிய பிறகு குறை சொல்ல அதிகம் இல்லை. ஓட வைப்பதில்தான் ஆட்கள் அலுத்துப்போய், 'லினக்ஸ் நம்ம பெட்டிக்கு ஆகாது' என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு லினக்ஸில் இருக்காது. திரை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

முதலில் எந்தப் பதிப்பு. கோர் 2 டுவோ முதல் மேலே எல்லாம் 64-பிட். ஆட்டம் என்270 போட்ட பழைய குட்டி நெட்புக் என்றால் 32-பிட் மட்டுமே. மாற்றிப் போட்டால், எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இருப்பதோ ஐ686 என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த வரி வந்தால் பென்டிரைவையும் பயாஸையும் (கணினி எழும்போது முதலில் ஓடும் உள்நிரல்) குடைய வேண்டாம், 32-பிட் ஐஎஸ்ஓவை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கி மறுபடி எழுதினால் போதும். டெபியன் 13-இலிருந்து 32-பிட் பிசிக்கான நிறுவல் வட்டுகளே நிறுத்தப்பட்டுவிட்டதால், அந்த நெட்புக்காரர்கள் இந்த 23 வரிசை ஐஎஸ்ஓவைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. மலைமேல் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் டோரன்ட் வழியாக இறக்குங்கள். இறங்கியதும், ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வேலை.

எழுதும்போது நடக்கும் முதல் தப்பு, ஐஎஸ்ஓவைச் சாதாரண ஃபைல் மாதிரி பென்டிரைவில் காப்பி செய்வது. வென்டாய் (ஐஎஸ்ஓவை அப்படியே பூட் செய்ய வைக்கும் கருவி) போட்ட பென்டிரைவைத் தவிர வேறு எதிலும் அது பூட் ஆகாது. ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியில் எழுதினால், ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று ஒரு பெட்டி கேட்கும். ஐஎஸ்ஓவை அப்படியே பிரதி எடுக்கும் டிடியைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ், பென்டிரைவைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கலாம், அல்லது 16 ஜிபி பென்டிரைவைச் சில எம்பி என்று காட்டலாம். பயந்து ஃபார்மேட் கொடுத்துவிட்டால் எழுதியது எல்லாம் போயிற்று. லினக்ஸின் பகுதிகள் விண்டோஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

டிடி முறையில் ஒரு முக்கியமான குறை: அந்தப் பென்டிரைவ் வெறும் படிக்கும் வட்டு. செய்த மாற்றம் எதையும் அதில் சேமிக்க முடியாது. அதனால் இரண்டு பென்டிரைவ் வேண்டும். முதலாவதில் டிடி முறையில் எழுதி, அதை வைத்து ஆன்டிஎக்ஸைத் திறந்து, அதற்குள்ளேயே இருக்கும் லைவ் யுஎஸ்பி மேக்கரால் இரண்டாவதைத் தயார் செய்ய வேண்டும். இரண்டாவதில்தான் தினசரி வேலை. இந்தச் சுற்றுவழியை முதல்நாள் ஆளுக்கு யாரும் பளிச்சென்று சொல்வதில்லை. இதற்காகவே மதிப்பெண் குறைக்கலாம்.

பென்டிரைவ் வாங்குவதிலும் கவனம் வேண்டும். நடைபாதை விலைக்குக் கிடைக்கும் '64 ஜிபி' பல நேரம் உள்ளே 8 ஜிபிதான், கன்ட்ரோலர் பொய் சொல்கிறது. ஐஎஸ்ஓ 2 ஜிபிக்குள் அடங்குவதால் எழுதும்போதும் பிரச்சினை வராது, முதல்வாரம் ஜோராக ஓடும். சேமிப்பு ஃபைல் வளர்ந்து உண்மைக் கொள்ளளவைத் தாண்டும் நாளில் கணக்கு முழுக்கக் குப்பையாகும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன விண்டோஸ் கருவியால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் எதையும் அதில் ஏற்ற வேண்டும்.

இனி பயாஸ். பென்டிரைவைச் செருகிய பிறகே பவர் பட்டனை அழுத்துங்கள். பழைய பயாஸ் திறக்கும்போது இல்லாத வட்டைப் பட்டியலிலேயே காட்டாது. பூட் மெனுவுக்கு லெனோவோ, டெல், ஏசர் என்றால் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9, கிகாபைட் மதர்போர்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். பழைய அவார்ட், ஏஎம்ஐ பயாஸ்களில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ரிமூவபிள்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு பூட் ஆகவில்லை என்பார்கள். பென்டிரைவோ 'ஹார்ட் டிஸ்க்' என்ற வரிக்குள், என்டர் தட்டினால் திறக்கும் துணைப்பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அதை மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 8, 10 உடன் வந்த லேப்டாப் என்றால் கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தாக வேண்டும், ஆன்டிஎக்ஸ் அதோடு ஒத்துப்போகாது. ஏசரில் அந்த வரி மங்கலாக இருக்கும். முதலில் ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் மாற்ற விடும். ஹெச்பியில் சேமித்து வெளியே வந்ததும் திரையில் நாலு இலக்க எண் ஒன்று வரும், அதைத் தட்டி என்டர் கொடுக்காவிட்டால் மாற்றம் நிற்காது. இதை எல்லாம் தொடும் முன்பு அந்த லேப்டாப்பில் வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவி கையில் இல்லாமல் செக்யூர் பூட்டில் கை வைக்கக் கூடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். சில லேப்டாப்பில் எஃப்12-க்கே பிடி கொடுக்காது, பூட் ஆனாலும் சி டிரைவில் எழுத விடாது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக மூடும்.

நேற்று பூட் ஆனது இன்று ஆகவில்லை, பயாஸில் தேதி 2009 ஜனவரி 1 என்று நிற்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இரவில் மெயின் சுவிட்சை அணைக்கும் கடைகளில் இது சீக்கிரம் தெரியும். பூட் வரிசை மறந்துபோகும். அதைவிடத் தொல்லை, தேதி பின்னால் போனதால் பிரவுசரில் வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை எல்லாம் சான்றிதழ் பிழை என்று மறுக்கும். நெட் போய்விட்டது என்று நினைத்து மோடத்தைப் போட்டு உருட்டுவார்கள். மலிவான பேட்டரி ஒன்றில் தீரும் வேலை இது.

மெனு வந்து, எழுத்துகள் ஓடி, 'லினக்ஸ்எஃப்எஸ்' ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றால், பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, லினக்ஸின் மையமான கெர்னலும் எழுந்துவிட்டது, அதன்பின் பென்டிரைவைத் தொலைத்துவிட்டது என்று பொருள். நீல நாக்கு உள்ள யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து, கறுப்பு நாக்கு உள்ள யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட் வேண்டாம். உள்ளே ஓடும் மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்துபோகிறது. மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் பின்பக்கப் போர்ட்டே நம்பகமானது. ஹப் கூடவே கூடாது. 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வரிவரியாகக் கொட்டினால் பென்டிரைவ் சரியாக எழுதப்படவில்லை அல்லது சாகப்போகிறது. ஏற்காட்டு ஈரத்தில் செருகு முனையில் படியும் கறையும் இதே பிழையைத் தரும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லாம் ஓடி முடிந்து திரை மட்டும் கறுப்பாகிவிட்டால் கிராஃபிக்ஸ் சிக்கல். மெனுவில் பூட் வரியின் கடைசியில் இடம் விட்டு 'நோமோட்செட்' என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்தால் படம் வரும், வேகம் கொஞ்சம் குறையும். ஆட்டம் என்2600 போட்ட நெட்புக்குகளில் இருப்பது பவர்விஆர் கிராஃபிக்ஸ். அதற்கு லினக்ஸில் நல்ல டிரைவர் இல்லை. அதில் வீடியோ பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

சேமிப்பு, அதாவது பெர்சிஸ்டன்ஸ், ஆன்டிஎக்ஸின் பெரிய பலம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பெரிய ஆபத்தும் அதுதான். பழைய பயாஸ் மெனுவில் எஃப்5 தட்டினால் வகைகள் வரும். புதுவகை பயாஸான யுஇஎஃப்ஐயில் அந்த எஃப் விசைகள் இருக்காது, கஸ்டமைஸ் பூட் என்ற மெனு வழியே போக வேண்டும். டைனமிக் வகையில் மாற்றங்கள் ரேமில் நின்று, மூடும்போது பென்டிரைவுக்கு இறங்கும். வேகம் அதிகம், பென்டிரைவும் குறைவாகத் தேயும். ஆனால் ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் போகும் மலையில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதை வைத்தால் அன்றைய எடைக்கணக்கு மொத்தமும் போகக்கூடும். அங்கே ஸ்டாட்டிக் வகைதான் சரி. உடனுக்குடன் எழுதும், கொஞ்சம் மந்தம். 1 ஜிபி ரேம் இயந்திரத்துக்கும் ஸ்டாட்டிக்தான், டைனமிக்குக்கு அங்கே இடமே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கும் 4 ஜிபி லேப்டாப்புக்கு டைனமிக் வையுங்கள். 'டூரேம்' என்று எல்லாவற்றையும் ரேமில் ஏற்றும் வழியும் உண்டு. யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 20, 25 எம்பிதான் வரும் என்பதால் ஏற்றவே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், 2 ஜிபி ரேமில் முயலாதீர்கள்.

யூசர் பெயரும் பாஸ்வேர்டும் 'டெமோ', நிர்வாகி யூசரான ரூட்டுக்கு 'ரூட்'. இது உலகத்துக்கே தெரிந்த சாவி, கடையில் வைப்பதானால் முதல்நாளே மாற்றிவிடுங்கள். டவுன் பஸ்ஸில் பென்டிரைவ் விழுந்துபோனால் எடுத்தவர் கணக்கைப் படிக்காமல் இருக்க, லைவ் யுஎஸ்பி மேக்கரிலேயே என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது. ரேம் 512 எம்பிதான் என்றால் பப்பி லினக்ஸ் இன்னும் லேசு. ஆனால் அது வழக்கமாக ரூட் யூசராகவே ஓடும், நாலு பேர் கை வைக்கும் மேசைக்கு அது ஒத்துவராது.

தமிழுக்கு, மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கில் லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவி, கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99-ஐச் சேர்த்தால் போதும். லிப்ரே ஆஃபீஸ், ஆன்டிஎக்ஸின் ஃபுல் பதிப்பிலேயே வருகிறது. 1 ஜிபி ரேமில் ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு டேப், அதற்குமேல் திணறும். டேலியில் பில் போடும் கடைக்கு இது ஆகாது.

பிரிண்டர்தான் கடைசி இடறல். கேனன் எல்பிபி2900 இருக்கும் மேசையில் அதன் கேப்ட் டிரைவரை லினக்ஸில் ஏற்றுவது அரைநாள் வேலை, அதுவும் நிச்சயமில்லை. ஹெச்பி லேசர்ஜெட் 1020 ஓடும், ஆனால் ஹெச்பியின் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப்புக்கு உரிய பிளக்இன்னைத் தனியாக இறக்க வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அதன் ஃபர்ம்வேரைக் கணினிதான் ஏற்றிவிடுகிறது. அந்தப் பிளக்இன் சேமிப்பில் பதிந்திருக்க வேண்டும், டிடி பென்டிரைவில் நிறுவினால் மறுநாள் காலை முதல் சீட்டே வராது.