ஹாப்பீஸா, பாலிஸ்டாலா, மண்ணெண்ணெயா? துப்பாக்கிக் குழலுக்குள் எதை விடுவது?

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதம் குறிபார்ப்பதைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, துடைக்க எது நல்லது? எதை வாங்கட்டும்?" போன வாரமும் ஒரு தம்பி கேட்டான். செல்போனில் பதினைந்து பாட்டில் படங்களை வைத்திருந்தான், ஒவ்வொன்றும் தன்னைத்தான் உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லிக்கொள்கிறது. நான் பாட்டிலைப் பார்க்கவில்லை. உன் குழலுக்குள் என்ன ஒட்டியிருக்கிறது, அதைச் சொல் முதலில் என்றேன். கரியா, ஈயமா, செம்பா, உப்பா? நாலும் வேறு வேறு அழுக்கு. ஒன்றைக் கரைப்பது இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது. இது தெரியாமல் காசைக் கொட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது .22 போட்டி ரைஃபிள். வீடு சென்னையில், கடற்காற்று அடிக்கிற பக்கம். ஏற்காட்டில் மாமாவிடம் உரிமத்தோடு ஒரு பழைய பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு அது) இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது, விடுமுறைக்குப் போனால் அதையும் சுத்தம் செய்வது என் தலையில்தான் விழும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் துடைத்துத் துடைத்துக் கற்றது. எதைத் தொடுவதற்கு முன்னும் தோட்டா அடைக்கும் மேகசீனைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில் எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள், தோட்டா டப்பா வேறு அறையிலேயே இருக்கட்டும்.

முதலில் ஹாப்பீஸ் நம்பர் 9. ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி என்ற அமெரிக்கர் 1903இல் உருவாக்கியது, இன்றும் அதே எண், கிட்டத்தட்ட அதே மணம். மூடியைத் திறந்ததும் பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும், அது அமைல் அசிடேட். நவீன தோட்டாக்களின் புகையில்லா வெடிமருந்து விட்டுச்செல்லும் கரிக்கு இதைவிட நிம்மதியான சரக்கு எனக்குத் தெரியாது. ஈரத்துணியை ஒருமுறை ஓட்டி, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து, பிரஷ் போட்டுத் துடைத்தால் கறுப்பாக வந்துவிடும். செம்பையும் கரைக்கும் என்பார்கள், கரைக்கும்தான், ஆனால் சோம்பேறித்தனமாக. இரண்டு எச்சரிக்கை. நிக்கல் பூசிய துப்பாக்கியில் இதை ஊறவிடாதீர்கள், பூச்சுக்கு அடியில் செம்பு அடுக்கு இருந்தால் பூச்சு உரிந்துகொண்டு வரும். இன்னொன்று, இது கரைப்பான், எண்ணெய் கிடையாது. துடைத்து எடுத்த பிறகு எண்ணெய் போடாமல் வைத்தால் சென்னைக் காற்று இரண்டே நாளில் பாடம் நடத்திவிடும்.

பாலிஸ்டால் வேறு வம்சம். ஜெர்மனியில் 1904இல் வந்தது. உலோகத்துக்கும் மரத்துக்கும் தோலுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்ற அந்த நாட்டு ராணுவத்தின் ஆசைக்குப் பிறந்த குழந்தை. வாசனை சோம்பு மாதிரி இருக்கும், சிலருக்குப் பிடிக்காது, என் மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இதன் தனிக்குணம், தண்ணீரோடு கலந்தால் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். தண்ணீர் உப்பைக் கரைக்கும், பிறகு தண்ணீர் ஆவியாகி எண்ணெய்ப் படலம் மட்டும் தங்கும். கட்டியாகப் பிடித்த கரியிலும் ஈயத்திலும் இது ஹாப்பீஸிடம் தோற்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் துடைத்து முடித்த துப்பாக்கியை அலமாரியில் வைக்கும்போது மேலே பூச எனக்கு இதுதான். மரக்கட்டையில் பட்டாலும் பதற வேண்டாம்.

உப்பு என்றதும் சிலருக்குக் குழப்பம் வரும், துப்பாக்கிக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? பழைய ராணுவத் தோட்டாக்களில், உதாரணமாக பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான .303இன் பழைய சரக்கில், தீப்பற்ற வைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படியும். நம் சமையல் உப்புக்குத் தம்பி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் குழலுக்குள் நடக்கும், காலையில் திறந்தால் துரு. ஹாப்பீஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் வகை எதுவும் இந்த உப்பை உருப்படியாகக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றியது இதற்காகத்தான். துப்பாக்கிக்குள் தண்ணீரா என்று பதறுகிறவர்களுக்கு: கொதிநீர் ஊற்றினால் குழலே சூடாகிவிடும், மிச்ச ஈரம் தானே உலர்ந்துவிடும், அப்புறம் உடனே எண்ணெய். கருமருந்து, அதாவது அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து, போட்டுச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கும் இதே வைத்தியம்தான், கொஞ்சம் சோப்பு கூட. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான சாம்பலாக நின்றுவிடும், அதில் பெரும்பகுதி தண்ணீரில் போய்விடும். இன்றைய .22இல் இந்த உப்புத் தொல்லை கிடையாது, ஆகவே நீங்கள் கெட்டிலைத் தேட வேண்டாம்.

டபிள்யூடி-40 பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள், ஏனென்றால் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில்கூட அது கிடைக்கிறது. 1953இல் சான் டியாகோவில் ராக்கெட் வேலைக்காகச் செய்தது. பெயருக்கே அர்த்தம் தண்ணீரை விரட்டுவது, நாற்பதாவது முயற்சியில் கைகூடியது என்பதுதான். அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். மழையில் நனைந்துவிட்டதா, கொதிநீர் ஊற்றிக் கழுவினீர்களா, உடனே ஒரு பீச்சு பீச்சுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் சரக்கு, மிஞ்சும் படலம் மெலிசு, உராயும் இடத்தில் நிற்காது. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் பெட்டிக்குள் ஒவ்வொரு வாரமும் குழாய் வைத்து இதை அடித்துக்கொண்டிருந்தேன், சுத்தமாகிறது என்று நினைப்பு. ஆறு மாதத்தில் தூசியும் மிச்சப் பிசினும் சேர்ந்து உள்ளே பழைய வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டது, ட்ரிகர் ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. பிரித்துக் காட்டிய மெக்கானிக் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அது திட்டுவதைவிட மோசம்.

மண்ணெண்ணெயை ஏளனம் செய்யாதீர்கள். ஹாப்பீஸ் கலவையிலேயே அது உண்டு. கரியை இளக்குவதில் கெட்டிக்காரன், விலையும் குறைவு, ஆனால் ரேஷனில் வாங்குவதே இன்று பெரிய பாடு. பாதுகாப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்காது, துடைத்த பின் கட்டாயம் எண்ணெய் வேண்டும். அமெரிக்காவில் சிலர் மண்ணெண்ணெய், கியர் ஆயில், டர்பன்டைன் வகைத் தின்னர், அசிடோன் நாலையும் சம அளவில் கலந்து எட்ஸ் ரெட் என்று வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். கியர் ஆயில் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றுவார்களே, அந்தச் சிவப்புச் சரக்கு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அசிடோன் பிளாஸ்டிக்கையும் மரத்தின் வார்னிஷையும் தின்றுவிடும், தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அடுக்குமாடி வீட்டில், பக்கத்து அறையில் அடுப்பு எரிகிற இடத்தில், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சிஎல்பி என்ற மூன்றுக்கு ஒன்று சரக்கு, அதாவது சுத்தம், மசகு, பாதுகாப்பு எல்லாம் ஒரே பாட்டிலில், அமெரிக்க ராணுவத்தின் தேவையில் வளர்ந்தது. சிப்பாய் மூன்று பாட்டிலைச் சுமக்க முடியாது, சரி. அவர்கள் அந்தப் பாடத்தைக் கசப்பாகவே கற்றார்கள். வியட்நாமில் எம்16 ரைஃபிள் வந்த புதிதில் அதற்குச் சுத்தம் செய்வதே அவ்வளவாகத் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது, துடைக்கும் கிட் போதுமான அளவு போய்ச் சேரவில்லை, தோட்டாவின் வெடிமருந்தை வேறு மாற்றியிருந்தார்கள், தோட்டா அறைக்குக் குரோம் பூச்சும் இல்லை. சண்டை நடுவில் சுட்ட காலித் தோட்டா உள்ளேயே சிக்கிப் பல வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த நிலைமைக்கு எதாவது ஒரு பாட்டில் இருப்பதே பெரிது. நமக்கோ வீடு, மேசை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது, மூன்று வேலைக்கும் சுமாரான ஒன்றை ஏன் வாங்க வேண்டும்? ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையில் மட்டும் ஒரு சிறிய சிஎல்பி வைத்துக்கொள்ளலாம்.

செம்பைக் கரைக்கும் அம்மோனியா சரக்குகள், ஆஸ்திரேலியாவின் ஸ்வீட்ஸ் 7.62 போன்றவை, .22காரர்களுக்குத் தேவையே இல்லை. .22 போட்டித் தோட்டாவின் குண்டு ஈயம், மேலே மெழுகுப் பூச்சு, செம்பு உறை கிடையாது. பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள். துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம், ஆனால் வெண்கல பிரஷையோ பித்தளை முனையையோ போட்டிருந்தால் அதுவும் கரைந்து நீலம் காட்டும், நீங்கள் பாட்டுக்கு நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். நைலான் பிரஷ் போதும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், மூக்கு எரியும்.

இனி எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் மட்டமானது என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒவ்வொரு சுடலுக்கும் கையால் இழுத்துத் தள்ளும், மெதுவாக இயங்கும் போல்ட் ரைஃபிளுக்கு அது தாராளம். மெல்லிய தாது எண்ணெய், வழிந்து ஓடிவிடும் என்பதுதான் குறை, ஆக மாதம் ஒருமுறை தொட்டுவிட வேண்டும். போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் முனைகளான பூட்டுக் காதுகளிலும் இரட்டைக்குழலின் கீல் ஊசியிலும் எண்ணெய் நிற்காது, அங்கே கடுகளவு கிரீஸ். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். மாமா பல வருடம் அதைத்தான் போட்டார், இயற்கையானது என்பார். இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும், டிசம்பரில் ஏற்காட்டு விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, துப்பாக்கியை மடக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெயில் காலத்திலாவது பரவாயில்லையா என்றால், அப்போது சிக்கு வாடை.

எண்ணெயைக் கொட்டுவதும் தவறு. தோட்டா உட்காரும் அறையில் எண்ணெய் தேங்கினால் சுடும்போது தோட்டாவின் உறை அந்த அறையின் சுவரைப் பிடிக்காது, அழுத்தமெல்லாம் போல்ட்டின் மேல் வரும். குழலிலும் அப்படித்தான், எண்ணெய்க் குழலில் முதல் குண்டு எங்கோ போகும். சுடுவதற்கு முன் ஒரு காய்ந்த துணி ஓட்டுங்கள். ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதையும் படியுங்கள்: இந்தப் பாட்டில்கள் எதுவும் அதற்கு ஆகாது. சுருள்வில் வகையில் எண்ணெய் உள்ளே போனால் டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும், 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த வகையிலோ அது இன்னும் ஆபத்து. சிலிகான் கிரீஸ், குழலுக்கு ஃபெல்ட் உருண்டை, அவ்வளவுதான்.

பாட்டிலைப் பற்றி இவ்வளவு பேசினாலும் என் காசு போக வேண்டிய இடம் குழலுக்குள் துணியையும் பிரஷையும் தள்ளும் கம்பியான ராடுதான் என்று எனக்குப் புரிய நாலு வருடம் ஆயிற்று. மலிவு கிட்டில் வரும் மூன்று துண்டு அலுமினிய ராடு, இணைப்புகளில் ஓரம் தட்டும், மென்மையான உலோகம் என்பதால் மண்துகளைத் தன்மேல் பதித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். ஒரே துண்டாக, மேலே பிளாஸ்டிக் பூசிய எஃகு ராடோ கார்பன் ஃபைபர் ராடோ வாங்குங்கள். பின்பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்து, நேராக. குழல் வாயின் விளிம்பில் மயிரிழை தேய்ந்தாலும் குறி சிதறும். என்சிசியில் எங்களுக்குக் கொடுத்தது புல்-த்ரூ, பித்தளை எடை கட்டிய கயிறு, அதன் கண்ணியில் நாலுக்கு இரண்டு அங்குலத் துண்டுத் துணி. எளிமையான, நல்ல கருவிதான், ஆனால் ஆளாளுக்குக் கோணலாக இழுத்ததில் கயிறே எஃகைத் தேய்த்துக் குழல் வாயில் தடம் விட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்று போர் ஸ்நேக் என்று விற்கும், பிரஷ் பின்னிய துடைக்கும் கயிறும் அதன் பேரன்தான். அவசரத்துக்கு உதவும், துவைக்காமல் நாலு தடவை ஓட்டினால் பழைய அழுக்கையே திரும்பக் கொண்டுபோய்ப் பூசும், உள்ளே அறுந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு.

துணி வாங்கவே வாங்காதீர்கள். பழைய பருத்தி பனியனை வெட்டினால் அதைவிட நல்ல துணி கிடையாது.

அப்புறம் ஆயுத பூஜை. பக்திக்கு நான் எதிரி இல்லை, ஆனால் ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் எஃகின் மேல் வைத்து விடிய விடிய விட்டால் பொட்டு வைத்த இடத்தில் நீலப்பூச்சு போய்ப் பழுப்பு வட்டம் நிற்கும். மாமாவின் துப்பாக்கியில் மூன்று வட்டம் இருக்கிறது. இப்போது நாங்கள் பெட்டிக்குத்தான் பொட்டு வைக்கிறோம். அந்தப் பெட்டியும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்வர மட்டும்தான், தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே சிலிகா ஜெல், முடிந்தால் குழல் வாய் கீழ்நோக்கி, அப்போதுதான் எண்ணெய் வழிந்து ட்ரிகருக்கும் கட்டைக்கும் போகாது.

தம்பிக்குக் கடைசியில் எழுதிக்கொடுத்த சீட்டு இதுதான்: ஹாப்பீஸ் சின்னது ஒன்று, பாலிஸ்டால் ஒன்று, தையல் மெஷின் எண்ணெய், .22 வெண்கல பிரஷ் இரண்டு, மிச்சக் காசு மொத்தமும் ராடுக்கு. அவன் ராடு விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தான். சுளிக்கட்டும். நைட்ரைல் கையுறை ஒரு டப்பாவும் சேர்த்துக்கொள் என்றேன், அந்தக் கறுப்புத் துணியில் ஈயமும் இருக்கிறது, அதே கையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது.