பில்லில் லேசர், காலில் ஊசி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ‘வெரிகோஸ் இலவச முகாம்’ என்று போர்டு பார்த்தால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. இறால் கம்பெனியில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவர். கெண்டைக்காலில் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) சுருண்டு புடைத்திருந்தது, அதுதான் வெரிகோஸ்; உள்கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் வேறு. முகாமில் படுக்க வைத்து, ஸ்கேன் கருவியை இரண்டு இழுப்பு இழுத்தார்கள். “விட்டால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிரும்மா, இன்னைக்கே கட்டினா சலுகை உண்டு” என்றாள் பணம் வாங்கும் பெண். கத்தி வைக்காமல் லேசர், அன்றைக்கே நடக்கலாம் என்றதும் அம்மாவும் சரி என்றார். வளையலை அடகு வைத்து 85,000 ரூபாய் கட்டினோம்.

புண் ஆறவே இல்லை. அப்புறம் மதுரையில் ஒரு ரத்தநாள அறுவை மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவை நிற்க வைத்து, கெண்டைக்காலை அமுக்கிவிட்டு டாப்ளர் (ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன்) பார்த்தார். தொடை இடுக்கில் பெரிய சிரையின் வால்வு பழுதாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரையை யாரும் தொடவே இல்லை. லேசர் என்றால் முழங்கால் பக்கம் துளையிட்டு, மெல்லிய இழையைத் தொடை வரை ஏற்றி, வழி நெடுக மரத்துப்போகும் மருந்து போட்டு, சிரையை உள்ளிருந்தே சுட்டு மூட வேண்டுமாம். அம்மாவுக்குக் கெண்டைக்காலில் நாலைந்து ஊசிக் குத்து, அவ்வளவுதான். போட்டது சிரையை அடைக்கும் நுரை மருந்து. அதுவும் முறையான சிகிச்சைதான், ஆனால் செலவு லேசரை விடக் குறைவு. மேலே கசிவை விட்டுவிட்டுக் கீழே மட்டும் அடைத்தால் புண் எப்படி ஆறும்?

எனக்கு அதைவிட ஆத்திரம் ஸ்டாக்கிங் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை) விஷயத்தில்தான். அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை. பாதத்தில் நாடிகூடப் பார்க்காமல் இறுக்கமான ஸ்டாக்கிங்கை மாட்டிவிட்டார்கள். தமனியில் (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில்) அடைப்பு இருந்திருந்தால் அந்த இறுக்கமே காலுக்கு வினையாகியிருக்கும் என்றார் மதுரை மருத்துவர். நல்லவேளை, அடைப்பு இல்லை.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், நிற்க வைத்து டாப்ளர் எடுக்கச் சொல்லுங்கள். ஆழ்சிரையில் (காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில்) ரத்தக்கட்டி இருக்கிறதா, எந்தச் சிரைக்கு என்ன சிகிச்சை என்று எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

ராமநாதபுரம் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பில், டிஸ்சார்ஜ் தாள், மதுரை ஸ்கேன் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். இப்படி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுகள்தான் கெடு.