டெஷூட்ஸில் ஸ்டீல்ஹெட் பிடிக்க கைடு புக் செய்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இந்த இலையுதிர் காலத்தில் டெஷூட்ஸ் ஆற்றுக்கு ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி செய்த தூண்டிலை வீசி மீன் பிடிப்பது) போகத் திட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன செப்டம்பர் கடைசியில் அதே ஆற்றில், மோப்பின் ஊரிலிருந்து கிளம்பிய ஒரு கைடு எனக்கும் என் மச்சானுக்கும் பட்டை நாமம் போட்டார். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயர் எழுதவில்லை. ஆள் வேலை பார்த்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

மீன் கிடைக்காததற்கு நான் புலம்பவில்லை. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வரும் ரெயின்போ டிரவுட். திரும்பும் வழியில் அதற்கு இரையில் பெரிய நாட்டம் கிடையாது. ஆயிரம் தடவை வீசினால் ஒன்று மாட்டும் என்பார்கள். நல்ல கைடோடு போனவர்களே வெறுங்கையோடு திரும்புவது சகஜம். நாங்கள் கேட்டது ஸ்பே ராட் (இரண்டு கையாலும் பிடித்து வீசும் நீளமான தூண்டில் கோல்) பிடிக்கக் கற்றுத்தர ஒரு ஆள், சரியான இடம், சரியான நேரம். அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு எழுநூறு டாலர் பேசி, பாதியை ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக முன்பணமாக வாங்கிக்கொண்டார். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன: "இந்த வருஷம் மீன் கொட்டுது, கட்டாயம் மாட்டும்." கொட்டுகிறதா இல்லையா என்பது யாரும் பார்க்கக்கூடிய விஷயம். டெஷூட்ஸ் போய்க் கலக்கும் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில், மீன்கள் அணையைத் தாண்டக் கட்டிய மீன் ஏணி வழியாக ஏறும் ஸ்டீல்ஹெட்டை எண்ணி, கணக்கை வெளியிடுகிறார்கள். எண்ணிக்கை மோசமாக இருந்ததால்தான் 2021 செப்டம்பரில் டெஷூட்ஸில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே மாநில மீன்வளத் துறை நிறுத்தியது. இந்தக் கணக்கைப் பற்றி வாயே திறக்காமல் மீன் நிச்சயம் என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

இருட்டோடு ஆற்றில் இறங்கலாம் என்று சொன்னவர் வந்து சேர்ந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க வெயில். தண்ணீரில் நிழல் இருக்கும்போது வீசுவதுதான் அங்கே வழக்கம். காலையும் மாலையும்தான் நேரம். நடுப்பகலில் எல்லோரும் சாப்பிட்டு ஓய்வெடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய நேரத்தின் நல்ல பாதி அப்படியே போனது.

மச்சானுக்குக் கொடுத்த வேடர்ஸில் (தண்ணீரில் நிற்கப் போடும், நனையாத உடுப்பு) முழங்காலருகே ஓட்டை. அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது! ஊன்றிக்கொள்ளக் கோல் இல்லை. அடிப்புறம் வழுவழுவென்று தேய்ந்த பூட்ஸ். டெஷூட்ஸின் பாறைகள் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும், தண்ணீரின் இழுப்பும் அதிகம். மச்சான் ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் சறுக்கி விழுந்தார். கைடு கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பே ராட் என்று பேசியிருந்தோம். அவர் படகில் இருந்தவை சாதாரண டிரவுட் ராடுகள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நங்கூரத்தைப் போட்டுவிட்டு "படகில் இருந்தே வீசுங்கள், இறங்க வேண்டாம்" என்றார் பாருங்கள், அங்கேதான் விஷயம் புரிந்தது. டெஷூட்ஸின் கீழ்ப்பகுதியில் படகிலிருந்தோ வேறு மிதவையிலிருந்தோ மீன் பிடிக்கக் கூடாது. படகு இடம் மாறுவதற்கு மட்டும்தான். கரையேறியோ தண்ணீரில் நின்றோதான் வீச வேண்டும். ஸ்டேட் போலீஸின் மீன், வனவிலங்குப் பிரிவுக்காரர்கள் பார்த்தால், தூண்டில் யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் வழக்கு. அங்கே வழி நடத்தும் எந்தக் கைடுக்கும் தெரியாமல் இருக்க முடியாத சட்டம் இது. நான் மாட்டேன் என்றதும் முகம் சுளித்துக்கொண்டு கரைக்கு விட்டார்.

அதற்கு முன்பே, படகை இறக்கும்போது ஒன்று சொன்னார்: "யாராவது கேட்டால் நாம் மூன்று பேரும் ஃப்ரெண்ட்ஸ், சரியா?"

இந்த ஒரு வாக்கியத்தை மறக்காதீர்கள். ஒரிகனில் காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர் மரைன் போர்டு என்ற மாநில அரசு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு முதலுதவிச் சான்றும் காப்பீடும் தேவை. டெஷூட்ஸின் கீழ்ப்பகுதியில் தொழில் செய்ய, அதற்கு மேல் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பிஎல்எம்மின் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதிகள் குறைவு, கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. இவர் எங்களுக்கு அனுப்பியிருந்த பதிவுச் சான்றின் படத்தில் தேதி இருக்கும் மூலை வெட்டப்பட்டிருந்தது. அது புதுப்பிக்காமல் விட்ட பழைய பதிவு என்று மரைன் போர்டில் கேட்டபோது தெரிந்தது. மச்சான் விழுந்தபோது எங்காவது அடிபட்டிருந்தால் காப்பீடு என்று ஒன்றும் இருந்திருக்காது.

கடைசியில் ஒரு மீன் மாட்டியது. பதினான்கு அங்குலம் இருக்கும், அழகான ரெட்பேண்ட் டிரவுட். அந்த ஆற்றிலேயே பிறந்து அங்கேயே வளர்வது. "பாருங்கள், குட்டி ஸ்டீல்ஹெட்! சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்" என்றார் மனுஷன். கடலிலிருந்து திரும்பும் மீன் இங்கே பெரும்பாலும் இரண்டடியை ஒட்டி இருக்கும் என்று மச்சானுக்கே தெரியும். போட்டோவுக்காக மீனை இடுக்கிப் பிடித்துத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்திருந்தார். விடச் சொல்லிக் கத்த வேண்டியிருந்தது.

மதியமே "காற்று வந்துவிட்டது" என்று கடையைக் கட்டினார். மீதிப் பணம் தர மறுத்தேன். முன்பணத்தைக் கேட்டேன், நம்பரை ப்ளாக் செய்துவிட்டார். நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப வாங்க முடியாது என்று வங்கி கைவிரித்தது. கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் தகராறு பதிவு செய்ய வழி இருந்திருக்கும். கார்டு வாங்க மாட்டேன், ரசீது தர மாட்டேன் என்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

புக் செய்வதற்கு முன் மரைன் போர்டின் தளத்தில் கைடின் பெயரைத் தேடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஆற்றின் எந்தப் பகுதிக்குப் போகிறோம், பிஎல்எம் அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான கைடு இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். உங்கள் மீன்பிடி லைசென்ஸும் ஸ்டீல்ஹெட்டுக்குத் தனியாக வாங்க வேண்டிய டேக் என்ற அனுமதிச் சீட்டும் உங்கள் பொறுப்பு, கைடு பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

மோப்பின் பக்கம் இதே மாதிரி "நாம் ஃப்ரெண்ட்ஸ்" என்று சொல்லச் சொன்ன ஆளிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால், எனக்குச் சொல்வதோடு நிறுத்தாமல் மரைன் போர்டுக்கும் எழுதுங்கள். மெசேஜ்களையும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். என் புகாரோடு நான் இணைத்தது அவற்றைத்தான்.