ஐந்துக்கு ஐந்து ரிஸ்க் மேட்ரிக்ஸ்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

புதிதாக சேஃப்டி பொறுப்பு ஏற்றிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க இத்தனை வருஷமா அந்த ஐந்துக்கு ஐந்து கட்டத்தைத்தானே வச்சிருக்கீங்க? நாங்களும் அதையே எடுத்துக்கலாமா?" உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்று காலையில்தான் ஆபத்துகளைப் பட்டியலிடும் பழைய ரிஸ்க் ரெஜிஸ்டரில் ஒரு வரியைப் பார்த்துக் கொதித்துப் போயிருந்தேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வேலையிடத்து ஆபத்துகளை எண் போட்டு மதிப்பிடும் கட்டம் அது, எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்து பச்சை (குறைந்த ஆபத்து), மஞ்சள், சிவப்பு (அதிக ஆபத்து).

என் தீராத எரிச்சல் அந்தப் பெருக்கல்தான். தினமும் யாராவது விரலில் கீறிக்கொள்கிறார்கள்: வாய்ப்பு 5, பாதிப்பு 1, பெருக்கினால் 5. தொட்டிக்குள் இறங்குபவர் மூச்சடைத்துச் சாகலாம், ஆனால் அரிது என்று எழுதுகிறோம்: வாய்ப்பு 1, பாதிப்பு 5, அதுவும் 5. எங்கள் கட்டத்தில் இரண்டுமே பச்சை. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கீறலும் சாவும் அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கும். 25 கட்டம் இருந்தும் கிடைப்பது 14 எண்கள் மட்டுமே. 7 வராது, 11 வராது. பாதிப்பு 4 என்பது பாதிப்பு 2-இன் இரு மடங்கு என்று யாரும் அளந்து சொன்னதில்லை. அவை வெறும் வரிசை எண்கள். வரிசை எண்ணை வரிசை எண்ணால் பெருக்கி, வந்த விடையை நம்பி மூன்று மாதக் கெடு கொடுக்கிறோம்.

எது எப்படிப் பழுதாகலாம், அதனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே அலசும் வாகனத் துறையின் எஃப்எம்இஏ (FMEA) முறையிலும் இதே தொல்லை இருந்தது. தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் பத்து வரை எண் கொடுத்துப் பெருக்குவார்கள். 2019-இல் அமெரிக்க, ஜெர்மன் அமைப்புகள் சேர்ந்து கொண்டுவந்த கையேடு அந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, தீவிரத்தை முதலில் பார்க்கும் அட்டவணைக்கு மாறியது. சேஃப்டித் துறையில் பலர் இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கட்டம் இல்லாமல் அந்தக் கன்வேயர் விஷயம் எனக்குத் தெரிய வந்திருக்காது.

கன்வேயர் பெல்ட்டின் பின்முனையில் சுழலும் டெயில் டிரம்மில் கை சிக்கும் ஆபத்துக்கு நான் வாய்ப்பு 2 போட்டிருந்தேன். அந்த முறை ஆபரேட்டரையும் மெயின்டனன்ஸ் ஆளையும் கூட்டத்தில் உட்கார வைத்தோம். ஆபரேட்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டா? ஷிஃப்டுக்கு நாலு தடவை பெல்ட் ஓடும்போதே கம்பியை விட்டுத்தான் சார் சுரண்டுறோம்." ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டேன். லோடோடு நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது மோட்டார் ட்ரிப் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைக் கையால் காலி செய்ய வேண்டியிருக்கிறது என்றார். மெயின்டனன்ஸ் ஆள் தலையாட்டினார். அவருக்கு அது முன்பே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒரே ஒரு எண்ணுக்காக நாற்பது நிமிடம் வாதாடினோம். கடைசியில், திரும்பி வரும் பெல்ட்டின் மேல் டிரம்முக்கு முன்னால் ஒரு வி வடிவ ப்ளோ (கலப்பை போன்ற தடுப்பு) பொருத்தினோம். சிந்துகிற சரக்கை அதுவே ஓரமாகத் தள்ளிவிடுகிறது. டிரம்மைச் சுற்றி, கை உள்ளே போகாதபடி வலைக் கார்டும் (பாதுகாப்புத் தடுப்பு) வந்தது. சுரண்டும் வேலையே நின்றுபோனது. வெறுமனே "இங்கே என்ன ஆபத்து?" என்று கேட்டிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். தப்பான எண்ணைப் பார்த்ததும் வாய் திறந்தார். அந்த நாற்பது நிமிடத்துக்காக இந்தக் கட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது அந்தப் பழைய வரி. ஒரு ரோலர் மெஷின், இடுக்கில் கை சிக்குதல். வாய்ப்பு 4, பாதிப்பு 5, ஆக 20. கட்டுப்பாடு: "கையுறை வழங்கப்பட்டது." கட்டுப்பாட்டுக்குப் பிறகு மிச்ச ரிஸ்க்: வாய்ப்பு 2, பாதிப்பு 4, ஆக 8, மஞ்சள்.

சுழலும் ரோலர் பக்கத்தில் கையுறை! முதலில் துணி நுனி சிக்கும், அதுதான் கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். ஆபத்தைக் கூட்டும் பொருளைக் கொடுத்துவிட்டு எண்ணைக் குறைத்திருக்கிறோம். பாதிப்பு 5 எப்படி 4 ஆனது? நசுங்கிய கை கையுறைக்குள் இருந்தால் குறைவாக நசுங்குமா? ஆபத்தை நீக்குவது, மாற்றுவது, கார்டு போடுவது எல்லாம் முடியாதபோதுதான் கையுறை, ஹெல்மெட் போன்ற பிபிஇ (தனிநபர் பாதுகாப்புச் சாதனம்) கடைசியாக வர வேண்டும். 20 என்று விட்டால் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கும், 8 என்றால் ஓட்டலாம். அதற்காக எழுதப்பட்ட எட்டு அது. பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது.

நண்பருக்கு ஆடிட் கவலையும் இருந்தது. 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற பணியிடப் பாதுகாப்புத் தரநிலை, மதிப்பிடும் முறையையும் அளவுகோலையும் வரையறுத்து வைக்கச் சொல்கிறதே தவிர, இந்தக் கட்டத்தைத்தான் போட வேண்டும் என்று கேட்கவில்லை. இப்போது நான் பெருக்குவதில்லை. இரண்டு எண்ணையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். பாதிப்பு 4, 5 உள்ள வரிகள், வாய்ப்பு என்னவாக இருந்தாலும், முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றே நண்பரிடம் சொன்னேன். கன்வேயர் கதையையும் சொல்லிவிட்டு இப்படி முடிப்பது பொருந்தவில்லை என்று அவர் சொன்னார், உண்மைதான். அடுத்த மாதம் கேட்டிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேனோ என்னவோ. இன்று அந்த எட்டுதான் கண்ணில் நிற்கிறது.

ரோலர் மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறோம், கொடுத்த கையுறைகளைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. இன்டர்லாக்கோடு (கார்டைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கும் ஏற்பாடு) கார்டு வியாழக்கிழமை பொருத்துகிறார்கள்.