ஃபார்மட் போடும் முன்: இளம்பிள்ளையில் ஒரு லேப்டாப்பின் கிராஷ் வரலாறு

லேப்டாப் அடிக்கடி கிராஷ் ஆகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் பேச்சு, "ஃபார்மட் போட்டுடலாம்ணா." சரி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான கிராஷ்கள் ஏதாவது ஒரு தடயத்தை விண்டோஸில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகின்றன. ஃபார்மட் போட்டால் அந்தத் தடயம் மொத்தமும் போய்விடும், ஹார்டுவேர் கோளாறு என்றால் அது அப்படியே இருக்கும்.

என்னுடையது 2019ல் வாங்கிய எட்டாம் தலைமுறை ஐ5 மெஷின். மதர்போர்டிலேயே பற்றவைத்த 8 ஜிபி ரேம், பிறகு காலி ஸ்லாட்டில் நான் போட்ட இன்னொரு 8 ஜிபி. இளம்பிள்ளையில் சேலைத் தறிகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடுவது என் தொழில். முந்தி, பார்டர், புட்டா எல்லாம் இதில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றித் தறிக்குப் போகும். டிசைன் வராவிட்டால் தறி நிற்கும், ஓட்டுபவருக்கு அன்றைய கூலி இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வந்தது நீலத்திரை, அதாவது விண்டோஸ் நின்றுபோய்ப் பிழையின் பெயரைக் காட்டும் திரை. விண்டோஸ் செட்டிங்கில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டேன். இல்லையென்றால் படிப்பதற்குள் மறைந்துவிடும். ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொருநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', அப்புறம் 'பேஜ் ஃபால்ட்'. ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) பழுதென்றால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும், கிராஷின்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் ஃபைலிலும் அந்த டிரைவர் பெயரே வரும். இப்படி ஆளுக்கொரு பெயராக மாறி மாறி வந்தால் சந்தேகம் முதலில் ரேம் மேல்தான் விழ வேண்டும்.

சேலத்தில் ஒரு கடையில் ஃபார்மட் போட்டார்கள். மறுபடி வந்ததும், "போர்டு போயிடுச்சுண்ணா, மாத்தணும்" என்றார்கள். சோதித்துப் பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை நிறையச் சிவப்பு வரிகள். நான் போட்ட ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. அதன் தங்கநிறக் கால்களை ரப்பரால் துடைத்து மாட்டினேன், மறுபடி சிவப்பு. அந்த ரேம்தான் என்று உறுதியானது. புதியது போட்டேன், நீலத்திரை அதோடு நின்றது. போர்டுக்குக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவு.

ஆனால் அடுத்த கோடையில் வேறு மாதிரி ஆரம்பித்தது. நீலத்திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது, பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று வந்தது. இதைத் தேடிப் போய் பவர் சப்ளை பழுது என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்தப் பதிவின் உள்ளே பக்செக் கோடு (நீலத்திரைப் பிழையின் எண்) சுழி என்று இருந்தால், விண்டோஸ் பிழையைப் பதியக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கலாம். சூடும் அதைச் செய்யும்.

துப்பு ஏற்காட்டில்தான் கிடைத்தது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அதே பெரிய ஃபைலை அங்கே திறந்து வேலை பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் ஒருமுறைகூட அணையவில்லை. அதே சார்ஜர், அதே விண்டோஸ், அதே டிசைன். மாறியது குளிர் மட்டும். கீழே வந்ததும் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், முந்தி ரெண்டர் ஆகத் தொடங்கியதும் பிராசஸர் 100 டிகிரியை நெருங்குகிறது.

அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்தேன். ஃபேனில் தூசி கொஞ்சம்தான். ஃபேனைத் தூக்கியபோதுதான் தெரிந்தது: அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே நூல் பிசிறும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்து காற்று வழியை அடைத்திருந்தது. ட்வீசரால் இழுத்தால் ஒரே தகடாக வந்தது, ஓரத்தில் கத்தரிப்பூ நிற இழைகூடத் தெரிந்தது. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இது போகாது, இன்னும் உள்ளேதான் இறுகும். ப்ளோயர் பிடிப்பதானால் ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்து பொடியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பயறளவு புதிதாக வைத்தேன். அதே வேலையில் சூடு எண்பதுகளுக்கு இறங்கிவிட்டது.

தறி ஓடும் ஊரில் இருப்பவர்கள் சித்திரைக்கு முன்னால் ஒருமுறை, தீபாவளி ஆர்டர் நெருக்கத்துக்கு முன்னால் ஒருமுறை ஃபேனைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால் இப்போது விண்டோஸ் 11க்கு மாறியிருக்கிறேன். எட்டாம் தலைமுறை என்பதால் ஏற்றுக்கொண்டது. கிராஷ்களை நாள்வாரியாகக் காட்டும் விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரை வாரக் கடைசியில் திறந்து பார்க்கிறேன். அதில் சிவப்புக் குறி விழுந்தால், அந்தத் தேதியில் என்ன மாற்றினேன் என்று முதலில் பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன்.