100 பிளஸா, இளநீரா, ஓஆர்எஸ் பொட்டலமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் முதலில் வருவது கடையிலிருந்து 100 பிளஸ் என்ற குளிர்பானம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இளநீர் வெட்டச் சொல்வார்கள். கிளினிக்கில் கொடுத்த ஓஆர்எஸ் பொட்டலம் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) மட்டும் "உப்புக் கரிக்குது" என்று தீண்டப்படாமல் கிடக்கும். என்னைக் கேட்டால் கடைசியில் கிடக்கும் அந்தப் பொட்டலம்தான் முதலில் வர வேண்டும்.

பேதியில் போவது வெறும் தண்ணீர் இல்லை. சோடியம், பொட்டாசியம், கூடவே ரத்தத்தில் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட்டும் போகிறது. பைகார்பனேட் குறைந்தால் 7.35–7.45க்குள் நிற்க வேண்டிய ரத்தத்தின் பிஎச் (அமில, கார அளவு) இறங்கி, அமிலப் பக்கம் சாய்கிறது. அதைச் சமாளிக்க நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வேகமாக வெளியே தள்ளும். பேதியான பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால் சளி என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

ஓஆர்எஸ் இந்தக் கணக்குக்கென்றே செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். இரண்டும் சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலில் இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். காலராவில்கூட அந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் மேற்கு வங்காளத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். பொட்டலத்தில் உள்ள சிட்ரேட்டை உடல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

100 பிளஸ் 1983-இல் வந்தது, வியர்வைக்கான பானம். வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவருக்குச் சரி. பேதிக்குச் சோடியம் போதாது. சாதா வகையில் சர்க்கரையும் அதிகம், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டலாம்.

இளநீர் விஷயத்தில்தான் எனக்குப் பயம். அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. நல்ல சிறுநீரகம் மிச்சப் பொட்டாசியத்தைக் கழித்துவிடும். ஆனால் நம் ஊர்களில் வீதிக்கு ஒருவராவது சிறுநீரகம் கெட்டு ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகிறார்கள். அவர்களுக்கு லிட்டருக்கு 3.5–5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய ரத்தப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். "இயற்கையானதுதானே, குடிங்க அண்ணே" என்று அன்பாக நீட்டுகிறோமே, அங்கேதான் ஆபத்து. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் பொட்டலம் இல்லையா? உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுங்கள். மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வழியில் சோடியத்தை உள்ளே கொண்டுபோகும். என் பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம், 100 பிளஸுக்கு மேலே.

அப்புறம், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காக 100 பிளஸில் கலக்கிறவர்களும் உண்டு, அளவெல்லாம் கெட்டுப்போகும். வாந்தியும் இருந்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கரைத்தது மிஞ்சினால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.